12 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷன்

இந்தியாவில் ரயில் மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் அகலப்பாதையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் கிடைப்பது அதுதான். ஆனால் அதில் ஒரு உறுத்தல் உண்டு. மாடலர்களிடம் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவு என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ.; ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது கச்சிதம். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. கணக்குப்படி அது 19.3 மி.மீ. தண்டவாளத்தில் ஓட வேண்டும். 16.5இல் ஏற்றி வைத்தால் பக்கவாட்டில் கம்பீரமாக இருக்கிற இன்ஜின், நேர் எதிரே நின்று பார்க்கும்போது கால் ஒடுங்கித் தெரியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

மீட்டர்கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இடைவெளி 1000 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 11.5. ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களை மாடல் செய்கிறவர்களுக்காக 12 மி.மீ. இடைவெளியில் தண்டவாளமும், வண்டி தடம் மாறுவதற்கான பாயிண்டும் ஏற்கெனவே விற்கிறார்கள். ஹெச்.ஓ.எம். என்று அதற்குப் பெயர். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆக, தண்டவாளத்தைப் பொறுத்தவரை நம் ஊர் ரயிலில் பொய் சொல்லாமல் செய்யக்கூடியது மீட்டர்கேஜ்தான். வண்டிகள்தான் எங்கும் கிடைக்காது. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட இடம் மயிலாடுதுறை–திருவாரூர் தடம். காலம் 1980 வாக்கில். நீராவி இன்ஜினும் டீசலும் சேர்ந்து ஓடிய சமயம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டு 1894இல் திறந்த பாதையின் ஒரு துண்டு இது. டெல்டாவில் பாதை அகலம் மாறி மாறி வந்த கதையே வேடிக்கை. நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் முதலில் வந்தது அகலப்பாதை. 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு மறுபடி அகலப்பாதை ஆக்கிவிட்டார்கள். என் மாடல் எந்த ஒரு ஸ்டேஷனின் நகலும் இல்லை. ஒரு மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப், கூட்ஸ் ஷெட்டுக்குப் பிரிந்து போகும் ஒரு சைடிங், சுற்றிலும் வயல், கொஞ்சம் தென்னை. அந்தத் தடத்துச் சின்ன கிராசிங் ஸ்டேஷன்களின் சாயல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

நீளத்தைக் கோச்சுதான் முடிவு செய்கிறது. மீட்டர்கேஜ் கோச் ஏறக்குறைய 19.5 மீட்டர், மாடலில் 22.4 செ.மீ. அதை இழுக்கும் ஒய்.பி. என்ற நீராவி இன்ஜின், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு 19 மீட்டர். மாடலில் கிட்டத்தட்ட 22 செ.மீ. நாலு கோச்சும் இன்ஜினும் சேர்ந்தால் 112 செ.மீ. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டும். நிஜத்தில் லூப் அரை கிலோமீட்டர் என்று வைத்தாலே மாடலில் 5.7 மீட்டர் வந்துவிடும். சுருக்காமல் வேறு வழியில்லை. 120 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் இரண்டு பலகைகள், சேர்த்தால் 2.4 மீட்டர். நாலு கோச் பாசஞ்சர் லூப்பில் நிற்க, பக்கத்தில் கூட்ஸ் தாண்டிப் போக, அவ்வளவுதான் இடம்.

இது இருப்பது திருச்சியில், மொட்டை மாடி அறையில். காலையில் ஒரு வெப்பம், மதியம் மூன்று மணிக்கு வேறு வெப்பம். நிக்கல் சில்வர் தண்டவாளம் 2.4 மீட்டர் நீளத்தில் 15 டிகிரி கூடினால் 0.6 மி.மீ. நீளும். கேட்க அற்பமாக இருக்கும். மூட்டுகளை எல்லாம் சால்டர் வைத்து இறுக்கிவிட்டால் அந்த 0.6 மி.மீ. எங்கேயாவது ஓரிடத்தில் மொத்தமாக வெளிவரும். பெரும்பாலும் பாயிண்டின் வாயில். அதனால் ஒன்று விட்டு ஒரு மூட்டில் மட்டும் சால்டர், மற்றதில் மெல்லிய காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மரத்துக்கு வெப்பத்தைவிட ஈரம்தான் எதிரி. 9 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி, மேல், கீழ், விளிம்பு எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தேன். மேலே மட்டும் அடித்தால் பலகை ஒரு பக்கமாக வளையும்.

ஸ்டேஷனின் இரண்டு பக்கமும் வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? வளைந்து சுற்றிவர அறையில் இடமில்லை. அதற்குக் கேசட் முறை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலுமினிய எல்-ஆங்கிள் இரண்டை, உள்பக்கம் 12 மி.மீ. இடைவெளி வரும்படி ஒரு மரச்சட்டத்தில் திருகி விடுகிறேன். அந்த ஆங்கிள்தான் தண்டவாளம், அதுவே மின்கம்பி, அதுவே வண்டி சாயாமல் தடுக்கும் சுவர். முழு வண்டியும் அதற்குள் ஏறி நின்றதும் கேசட்டை அப்படியே தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை மாட்டலாம். வண்டியைத் திருப்ப வேண்டுமானால் கேசட்டையே திருப்பினால் ஆயிற்று; டர்ன்டேபிள் வேண்டாம். அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது என்பதால் ஒயரை ஒரு சின்ன உலோக வளையத்தில் பற்றவைத்து, அந்த வளையத்தைத் திருகால் இறுக்க வேண்டும். இதற்கு ஆன செலவு ஒரு ரெடிமேட் பாயிண்டின் விலைகூட இல்லை.

அப்புறம் வேகன்கள். ஒரு மாடல் ரயில்வே நிஜமாகத் தெரிவதும் தெரியாததும் வேகனில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்ஜினை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் பின்னால் வரும் பத்துப் பன்னிரண்டு வேகன் ஒரே மாதிரி பளபளத்தால் அது பொம்மை.

வேகனுக்கு முதலில் சக்கரம் வேண்டும். இங்கேதான் ஒரு நல்ல பொருத்தம் கிடைத்தது. ஐரோப்பாவில் டி.டி. என்று ஒரு அளவு உண்டு. 1:120, அதன் இடைவெளியும் 12 மி.மீ.தான். அங்கே வேகன் சக்கரத்தின் விட்டம் சுமார் 1000 மி.மீ.; 120ஆல் வகுத்தால் 8.3. நம் மீட்டர்கேஜ் வேகன் சக்கரம் 725 மி.மீ.; 87ஆல் வகுத்தால் அதே 8.3. யாரோ நமக்காகவே செய்து வைத்தது போல டி.டி. சக்கரங்கள் அப்படியே பொருந்தின. அச்சின் நீளத்தை வைத்து வேகனின் அடிச்சட்டத்தை வரைந்தேன்.

உடலை ரெசின் 3டி பிரிண்டரில் எடுத்தேன். நான்கு சக்கர மூடிய வேகன், மாடலில் 7.5 செ.மீ. ஆணித்தலை நிஜத்தில் 25 மி.மீ. என்றால் 1:87இல் 0.29 மி.மீ. வரும். பிரிண்டரில் அது எடுபடும், ஆனால் பிரைமர் இரண்டு பூச்சு விழுந்ததும் காணாமல் போகும். 0.4க்கு ஏற்றி வரைந்தால்தான் கடைசியில் 0.3 போலத் தெரிகிறது. ரெசின் சுவர் 1.2 மி.மீ. தடிமனுக்குக் கீழே போனால் சில வாரங்களில் உள்பக்கமாகக் குழியும். ஆல்கஹாலில் கழுவிய உடனே புற ஊதா விளக்கில் வைக்காமல், நன்றாக உலரவிட்டு, அடிச்சட்டத்தில் ஒட்டிய பிறகு வைத்தால் சுவர் நேராக நிற்கிறது. அச்சு நுனி சுழலும் இடத்தில் பித்தளைக் கிண்ணம் வைக்காவிட்டால் ரெசின் தேய்ந்து, வேகன் நாளடைவில் ஒரு பக்கம் சாயும்.

இன்னொன்று, நான்கு சக்கரமும் விறைப்பாக இருந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் காற்றில்தான் இருக்கும். ஒரு அச்சை அசையாமலும் மற்றதை நடுவில் ஒரு கம்பியின் மேல் லேசாக ஆடும்படியும் வைத்தேன். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதற்கு என்ன காரணமோ அதே காரணம் இங்கேயும்.

எடைக்கு அமெரிக்க மாடலர் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை ஒன்று இருக்கிறது. இந்த அளவிலான குறுகிய பாதை வண்டிக்கு முக்கால் அவுன்ஸ் அடிப்படை, அதோடு ஒவ்வொரு அங்குலத்துக்கும் முக்கால் அவுன்ஸில் பாதி. கிராமுக்கு மாற்றினால் 21, அப்புறம் செ.மீ.க்கு 4.2. என் வேகனுக்கு 52 கிராம் வருகிறது. ரெசின் உடல் அதில் கால்வாசிகூட இல்லை. கார் டயர் கடைகளில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுவார்களே, 5 கிராம், 10 கிராம் துண்டுகள், அவைதான் இதற்குச் சரி. பின்னால் பசையோடு வரும். வேகனுக்குள் ஒட்டிவிட வேண்டியதுதான்.

“எந்த வண்டிக்கு சார்?” என்று கேட்டான் கடைப் பையன்.

“கூட்ஸ் வண்டிக்கு” என்றேன். லாரி என்று நினைத்துக்கொண்டு பெரிய சைஸ் எடுத்துக் காட்டினான்.

வேகன் நிறத்துக்கு மாடல் பெயிண்ட் தேட வேண்டாம். நம் வேகன்களின் காவிச் சிவப்பு, ரெட் ஆக்சைடுதான். ஆனால் கடையில் விற்கும் ரெட் ஆக்சைடு பிரைமரின் துகள் பெரிது; 1:87இல் அது மணல் பூசியது போல இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் கலந்து ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். ஒவ்வொரு வேகனுக்கும் கலவையில் ஒரு சொட்டு கருப்போ வெள்ளையோ மாற்றினேன். கதவுக்கு அருகே மூட்டை உரசிய தேய்மானம், அடிச்சட்டத்தில் பிரேக் கட்டையின் துருத்தூள், கூரையில் புகை. உரம் ஏற்றிய வேகன் கதவுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளைக் கறையும் உண்டு. எழுத்துகளை நீரில் நழுவும் ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டினேன். ஒட்டிய பிறகு அவற்றின் மேலும் அழுக்கு ஏற வேண்டும். எழுத்து மட்டும் புதிதாக நின்றால் எல்லாம் கெட்டுவிடும்.

இன்ஜினுக்கு வருகிறேன். ஒய்.பி. என்பது மீட்டர்கேஜ் பாசஞ்சர் வண்டிகளுக்கான 4-6-2 நீராவி இன்ஜின்; முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னால் இரண்டு. 1949 முதல் 1970 வரை 871 செய்தார்கள். முதலில் அமெரிக்க பால்டுவின், கடைசியில் நம் டாடாவின் டெல்கோ. தென்னிந்தியாவில் கரி வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் இதுதான். இழுக்கும் சக்கரம் 1372 மி.மீ.; மாடலில் 15.8.

ஓடும் அடிப்பகுதியைப் பித்தளையில் தானே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அதற்கான கடைசல் இயந்திரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் கம்பெனி 2022இல் டி.டி. வரிசை ஒன்றை அறிவித்தது. அதில் வந்த, கிரெஸ்லி வடிவமைத்த ஏ3 என்ற பிரிட்டிஷ் எக்ஸ்பிரஸ் இன்ஜினும் 4-6-2 தான். நிஜ ஏ3இன் சக்கரம் 6 அடி 8 அங்குலம், அதாவது 2032 மி.மீ.; 120ஆல் வகுத்தால் 16.9. ஒய்.பி.க்கு வேண்டியதைவிட 1.1 மி.மீ. கூடுதல். பாய்லரின் பக்கவாட்டில் ஓடும் நடைபாதைத் தகட்டை அரை மில்லிமீட்டர் ஏற்றினால் கண் ஏமாந்துவிடும். அதன் உடலைக் கழற்றி எடுத்துவிட்டு, மோட்டாரோடு அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். முன் போகியும் பின் சக்கரமும் ஒய்.பி.யில் நிற்கும் இடம் வேறு. அவற்றை மாட்டப் புதிதாக நீட்டுத் துண்டுகள் அச்சடித்தேன். லண்டன்–எடின்பரோ எக்ஸ்பிரஸ் இழுக்கப் பிறந்த அடிப்பகுதி இப்போது நெல் மூட்டை இழுக்கிறது.

பாய்லரைச் செங்குத்தாக நிறுத்தி அச்சடித்தால் அடுக்குக் கோடுகள் வளையம் வளையமாக விழும். பாய்லர் பட்டைகளோடு அவை கலந்து மறையும். படுக்க வைத்தால் மேல்முதுகில் படிக்கட்டு தெரியும், தேய்த்து எடுக்கிற வேலை தனி. நடைபாதைத் தகடு மாதிரி நீளமான தட்டைப் பகுதிகளை ரெசினில் எடுப்பது வீண். வெயில் காலத்தில் வளையும். அதற்கு 0.5 மி.மீ. பித்தளைத் தகடு. கைப்பிடிக் கம்பிகளுக்கு கிட்டாரின் முதல் தந்தி: 0.25 மி.மீ. எஃகு, நிஜத்தில் 22 மி.மீ. பைப் போல. பித்தளைக் கம்பி விரல் பட்டால் வளைந்துவிடும். எஃகுத் தந்தி வளையாது, ஆனால் வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

டெண்டரில் கரி. நிலக்கரியைப் பொடித்துப் போடுவார்கள் என்று படித்திருந்தேன். எனக்குக் கிடைத்தது தெருமுனை இஸ்திரி வண்டியின் அடுப்புக்கரி. பொடித்து, டீ வடிகட்டியில் சலித்து, ஒட்டினேன். அடுப்புக்கரி மங்கல், நிலக்கரிக்கு ஒரு மினுக்கம் உண்டு. மேலே கருப்பு வார்னிஷை ஆங்காங்கே உலர்ந்த தூரிகையால் தொட்டால் சரியாகிவிடுகிறது.

வேகம் பற்றி ஒரு கணக்கு. 60 கி.மீ. வேகத்தை 87ஆல் வகுத்தால் வினாடிக்கு 19 செ.மீ. 2.4 மீட்டர் பலகையைக் கடக்க பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆக வேண்டும். சைடிங்கில் ஷண்டிங் செய்யும்போது 15 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 செ.மீ.கூட இல்லை. பெரும்பாலான மாடல்கள் பொம்மையாகத் தெரிவதற்கு வேகம்தான் முக்கியக் காரணம். டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில், இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் சில்லின் அமைப்பு எண்களில் உச்ச வேகத்தையும், வேகம் ஏறும் இறங்கும் நேரத்தையும் குறித்துவிடலாம். கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ மெகா என்ற சின்ன மின்னணுப் பலகையும் ஒரு மோட்டார் ஷீல்டும் வைத்து, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். ஓட்டுவது போனில். இது பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, சொன்னபடி வேலை செய்கிறது.

கைகாட்டி மரங்களுக்கு நிறையவே நேரம் கொடுத்தேன். கை படுத்திருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. பித்தளைக் குழாயில் மரம், தகட்டில் கை, பலகைக்கு அடியில், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டாரான ஒரு எஸ்.ஜி.90 சர்வோ. சர்வோவை நேராக இயக்கினால் கை இயந்திரம் போல இறங்கும். நிஜத்தில் நெம்புகோலை இழுத்ததும் நீளமான கம்பி முதலில் தளர்வை வாங்கும், கை கொஞ்சம் தயங்கி இறங்கும், அடியில் போய் இரண்டு முறை துள்ளி நிற்கும். அந்தத் தயக்கத்தையும் துள்ளலையும் நிரலில் எழுதினேன். பார்க்க வருகிறவர்கள் இன்ஜினைவிட இதைத்தான் மறுபடி இறக்கச் சொல்கிறார்கள். பிளாட்பாரத்தில் அடுத்த ஸ்டேஷன்வரை போக டிரைவருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஆளுக்கு, ஒற்றைச் செம்புக் கம்பியை ரீஃபில் குழாயில் சுற்றி வளையம்.

ஜல்லி பற்றியும் சொல்ல வேண்டும். 50 மி.மீ. ஜல்லி மாடலில் 0.6 மி.மீ. எம்.சாண்டை இரண்டு சல்லடையில் சலித்து நடுவில் நிற்பதை எடுத்தேன். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஃபெவிக்கால், ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் ஜெல். ஜெல் இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு ஜல்லியைத் தள்ளிவிடும். சைடிங்கில் ஜல்லி வேண்டாம். சாம்பலும் மண்ணும் புல்லும்தான். தென்னை ஓலைக்குக் காகிதத்தை வெட்டிப் பார்த்ததைவிட கோழி இறகு நன்றாக இருக்கிறது. நடுத்தண்டு ஏற்கெனவே வளைந்திருக்கும். ஓரத்தைக் கத்தரித்துப் பச்சை அடித்தால் போதும்.

இப்போது மேஜையில் இருப்பது கோச்சுகள். நம் கோச்சை நம் கோச்சாகக் காட்டுவது ஜன்னல் கம்பிதான். 12 மி.மீ. கம்பி 1:87இல் 0.14 மி.மீ. ரெசினில் அது நிற்காது, நின்றாலும் தொட்டால் உடையும். ஒளிபுகும் தாளில் கோடாக அச்சடித்து ஒட்டினால் படம் போலத் தட்டையாக இருக்கிறது. 0.15 மி.மீ. தூண்டில் நரம்பு கிடைத்தது. கோச் சுவரின் உள்பக்கத்தில், ஜன்னல் வரிசையின் இரு முனையிலும் சீப்பு மாதிரி பற்கள் வைத்து அச்சடித்து, ஒரே நரம்பை முனைக்கு முனை இழுத்து இழுத்துக் கட்டுகிறேன். எல்லா ஜன்னலுக்கும் ஒரே இழுப்பில் கம்பி வந்துவிடும். ரொம்ப இறுக்கினால் சுவர் வில்லாக வளையும். தளர்ந்தால் கம்பி தொங்கும். நரம்பு விறைப்பாகவும் சுவர் நேராகவும் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. நரம்புக்கு முதலில் சாம்பல் நிறம் பூசிக்கொள்ள வேண்டும், கட்டிய பிறகு தூரிகை உள்ளே போகாது. உள்ளே இருக்கை வரிசையும் பயணிகளும் உண்டு. கம்பிக்குப் பின்னால் அவர்கள் நிழலாகத் தெரிந்தால் போதும், முகம் வரைகிற அவசியமில்லை.

இரண்டு கோச்சுகளுக்குச் சுவர் முடிந்துவிட்டது, கூரை இன்னும் ஒட்டவில்லை. வர்ணம் மட்டும் காத்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெள்ளையாகப் புகை படிந்துவிடும். மாசி பிறந்து காற்று காய்ந்த பிறகுதான் ஏர்பிரஷ்ஷை எடுப்பேன். அதுவரை ஒய்.பி. கூட்ஸ்தான் இழுக்கும்.